கல்லூரி பேஸ்பால் வீரர் கோடையில் எங்கே ஆடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரிகளின் பேஸ்பால் பருவம் பிப்ரவரி நடுவில் தொடங்கி, பெரும்பாலான அணிகளுக்கு மே மாதக் கடைசியில் முடிந்துவிடும். அதன்பின் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உள்ள இரண்டரை மாதங்களில், வீரர்கள் பலர் வேறொரு மாநிலத்துக்குச் சென்று, அங்குள்ள ஓர் ஊர் அணியின் சீருடையை அணிந்து ஆடுகிறார்கள். எந்த லீக், எந்த ஊர், எத்தனை நாள் என்பதைத் தீர்மானிக்கும் வேளையில் வீரர்களுக்கும் பெற்றோருக்கும் எழும் கேள்விகளுக்கான விடைகள் இவை.

கோடைக்கால லீக் என்பது என்ன? அதில் யார் ஆடலாம்?

கல்லூரியில் ஆடும் தகுதியை இன்னும் இழக்காத வீரர்களைக் கொண்டு, கல்லூரிகளுக்குத் தொடர்பில்லாத அமைப்புகள் நடத்தும் போட்டித் தொடர்களே கோடைக்கால லீக்குகள். மாசசூசெட்ஸின் கேப் காட் லீக், மினசோட்டா, விஸ்கான்சின் உள்ளிட்ட மத்திய மேற்கு மாநிலங்களில் பரவியிருக்கும் நார்த்வுட்ஸ் லீக், கரோலினா மாநிலங்களை மையமாகக் கொண்ட கோஸ்டல் பிளெய்ன் லீக், வர்ஜீனியாவின் ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் நடக்கும் வேலி லீக், நியூ இங்கிலாந்து கல்லூரி லீக், பசிபிக் கரையோரத்தின் வெஸ்ட் கோஸ்ட் லீக், அலாஸ்கா லீக் ஆகியவை நன்கு அறியப்பட்டவை. இவை தவிரச் சிறிய லீக்குகள் பல உண்டு. ஆடுவதற்காக வீரருக்குச் சம்பளம் தரப்படுவதில்லை. தந்தால் அவருடைய கல்லூரித் தகுதிக்கே சிக்கல் வரும்.

எங்கே ஆடுவது என்பதை வீரர் முடிவு செய்கிறாரா, கல்லூரிப் பயிற்சியாளர் முடிவு செய்கிறாரா?

நடைமுறையில் பெரும்பாலும் பயிற்சியாளரே. கல்லூரி அணிகளில் துணைப் பயிற்சியாளர் ஒருவர் இந்தப் பொறுப்பை ஏற்றிருப்பார். கோடை அணிகளின் பொது மேலாளர்கள் பலரோடு அவருக்கு ஆண்டுக்கணக்கில் பழக்கம் இருக்கும். "இந்த ஆண்டு எனக்கு ஓர் இடதுகை எறிபவரும், இரண்டாம் பேஸில் நிற்க ஒருவரும் வேண்டும்" என்று மேலாளர் கேட்க, பயிற்சியாளர் பெயர்களைச் சொல்ல, ஒப்பந்தம் வீரருக்கு வந்து சேரும். இந்தப் பேச்சுகள் பெரும்பாலும் முந்தைய இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிடுகின்றன என்பதை முதலாம் ஆண்டு மாணவர்கள் பலர் அறிவதில்லை. ஏப்ரல் மாதத்தில் விசாரிக்கத் தொடங்குபவருக்கு மிஞ்சிய இடங்களே கிடைக்கும்.

ஆனாலும் வீரர் வாய் திறக்காமல் இருக்க வேண்டும் என்பதில்லை. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பயிற்சியாளரைத் தனியே சந்தித்து, "அடுத்த வசந்தத்தில் நான் அணியில் எந்த இடத்தில் ஆடுவேன் என்று நினைக்கிறீர்கள்? அதற்கு இந்தக் கோடையில் நான் எதைச் சரிசெய்ய வேண்டும்?" என்று கேட்பது நல்லது. லீக்கின் பெயரைச் சொல்லி அங்கே அனுப்புங்கள் என்று கேட்பதைவிட இந்தக் கேள்விக்குத்தான் பயன்படும் பதில் வரும். தேவை தெளிவானால் எந்த லீக் என்பது பாதி தெளிந்துவிடும்.

கேப் காட் லீக்தானே எல்லாவற்றிலும் உயர்ந்தது? அழைப்பு வந்தால் யோசிக்க என்ன இருக்கிறது?

தரத்தில் அதுவே முதலிடம் என்பதில் கருத்து வேறுபாடு அதிகம் இல்லை. கடலுக்குள் வளைந்து நீளும் ஒரு தீபகற்பத்தின் சின்னஞ்சிறு ஊர்களில் பத்து அணிகள்; ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை சுமார் 40 ஆட்டங்கள்; கல்லூரியில் பயன்படும் உலோக மட்டைக்குப் பதிலாக, 1985 முதல் மரமட்டை மட்டுமே. 1967இல் சாத்தம் அணிக்காக தர்மன் மன்சனும், 1988இல் ஆர்லியன்ஸ் அணிக்காக ஃபிராங்க் தாமஸும், 2012இல் புரூஸ்டர் அணிக்காக ஆரன் ஜட்ஜும் என, பின்னாளில் மேஜர் லீக் (அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக்) நட்சத்திரங்களானவர்கள் ஆடிய லீக் இது. மைதானங்கள் பள்ளிக்கூட மைதானங்களைப் போலவே இருக்கும்; நுழைவுக் கட்டணம் கிடையாது, நன்கொடை மட்டும் வாங்குவார்கள். ஆர்லியன்ஸின் எல்ட்ரெட்ஜ் பார்க்கில் மாலை ஆட்டத்துக்குக் காலையிலேயே மேட்டுச் சரிவில் மடக்கு நாற்காலிகளை வைத்து இடம் பிடிப்பது ஊர் வழக்கம். அந்த நாற்காலிகளுக்கு நடுவே மேஜர் லீக் அணிகளுக்காகத் திறமையைத் தேடிவரும் ஸ்கவுட்கள் வேகம் அளக்கும் கருவியோடு உட்கார்ந்திருப்பார்கள்.

யோசிக்க வேண்டியது இங்கேதான். பெரிய கல்லூரிகளின் சிறந்த வீரர்கள் ஒரே அணியில் குவியும்போது யாரேனும் பெஞ்சில் உட்கார்ந்தே ஆக வேண்டும். வசந்தத்தில் தன் கல்லூரி அணியில் 30 முறைகூட மட்டைபிடிக்காத ஒரு முதலாம் ஆண்டு மாணவர் கேப் காட் சென்று, அங்கும் வாரத்தில் இரண்டு ஆட்டம் மட்டும் ஆடித் திரும்பினால், ஓராண்டு முழுவதையும் ஆடாமலேயே கழித்தவர் ஆவார். அதே மாணவர் சற்றே தரம் குறைந்த லீக்கில் அன்றாடம் களமிறங்கினால், ஆட்டத்துக்கு நான்கு முறை என்ற கணக்கில் 40 ஆட்டங்களுக்கே 160 முறை மட்டைபிடிப்பார். வளரும் வயதில் இந்த 160தான் பெரிது என்பது என் கருத்து.

பின்னாளில் மேஜர் லீக்கில் பெயர் பெற்ற எறிபவரான கிறிஸ் சேல் சென்ற வழி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஃபுளோரிடா கல்ஃப் கோஸ்ட் பல்கலைக்கழக மாணவராக இருந்த அவர், 2008 கோடையில் நார்த்வுட்ஸ் லீக்கின் லா கிராஸ் அணியில் ஆடினார். அடுத்த ஆண்டு கேப் காட்டின் யார்மத்-டெனிஸ் அணிக்குப் போனார். 2010 டிராஃப்டில் (மேஜர் லீக் அணிகள் புதிய வீரர்களைச் சுற்றுமுறையில் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் சுற்றிலேயே சிகாகோ ஒயிட் சாக்ஸ் அவரை எடுத்தது. அழைப்பு ஓராண்டு தள்ளி வருவதால் எதுவும் கெட்டுவிடாது.

நார்த்வுட்ஸ் லீக்கில் 72 ஆட்டங்கள் என்கிறார்கள். அது உடம்புக்குத் தாங்குமா?

தாங்குபவருக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. கல்லூரிப் பருவத்தில் வழக்கமான ஆட்டங்கள் 56தான். அவையும் பெரும்பாலும் வாரக் கடைசியில் மூன்று, நடுவாரத்தில் ஒன்று என்று பரவியிருக்கும். 1994இல் தொடங்கிய நார்த்வுட்ஸில் மே மாத இறுதியிலிருந்து ஆகஸ்ட் வரை ஏறக்குறைய தினமும் ஆட்டம். நேற்று நான்கு முறை அவுட் ஆனவர் இன்று மாலை மறுபடி களத்தில் நிற்க வேண்டும். மேஜர் லீக்குக்குக் கீழுள்ள தொழில்முறைச் சிறு லீக்குகளின் வாழ்க்கை இப்படித்தான் என்பதால், அந்த வாழ்க்கை தனக்கு ஒத்துவருமா என்பதை 19 வயதிலேயே ஒருவர் தெரிந்துகொள்கிறார். பின்னாளில் மேஜர் லீக் நட்சத்திரங்களான மேக்ஸ் ஷெர்சர், பீட் அலான்சோ ஆகியோர் இந்த லீக்கில் ஆடியவர்களே.

இதன் விலை பேருந்துப் பயணம். வடக்கு டகோட்டாவின் பிஸ்மார்க்கிலிருந்து, எல்லை தாண்டி கனடாவின் தண்டர் பே வரை அணிகளை வைத்திருந்த லீக் இது. இரவு பத்து மணிக்கு ஆட்டம் முடிந்து, குளித்து, பெட்டியில் வாங்கிய சாண்ட்விச்சைப் பேருந்திலேயே தின்று, முழங்காலை முன் இருக்கையில் முட்டுக்கொடுத்துத் தூங்கி, விடியற்காலையில் அடுத்த ஊரில் இறங்கும் நாள்கள் ஒன்றிரண்டல்ல. கேப் காட்டில் எதிரணியின் மைதானம் காரில் போய்வரும் தூரம். இரவு சொந்தக் கட்டிலில் படுக்கலாம். எடை குறைந்தால் ஆட்டம் குறையும் உடல்வாகு உள்ளவர்கள் இந்த வேறுபாட்டை அலட்சியம் செய்யக் கூடாது.

அலாஸ்காவுக்கு இன்னும் வீரர்கள் போகிறார்களா?

போகிறார்கள். 1960களிலும் 70களிலும் இருந்த முதன்மை இப்போது அதற்கு இல்லை என்றாலும், ஆங்கரேஜைச் சுற்றியுள்ள அணிகள் தொடர்ந்து ஆடுகின்றன. பழைய வரலாற்றில் இரண்டு செய்திகள் இன்றும் பொருந்தும். தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ராட் டெடோ, பின்னாளில் புகழ்பெற்ற எறிபவரான டாம் சீவருக்கு உதவித்தொகை கொடுக்கலாமா என்ற தயக்கத்தில், 1964 கோடையில் அவரை ஃபேர்பேங்க்ஸின் கோல்ட்பேனர்ஸ் அணிக்கு அனுப்பினார். அங்கே நன்றாக எறிந்த பிறகே உதவித்தொகை வந்தது. அதே பல்கலைக்கழகத்தில் பந்து எறிபவராக இருந்த மார்க் மெக்வயர், 1982 கோடையில் ஆங்கரேஜின் கிளேசியர் பைலட்ஸ் அணியில் முதல் பேஸில் நின்று அன்றாடம் மட்டைபிடித்தார். பிற்காலத்தில் அவர் பெயர் பெற்றது மட்டையால்தான். கல்லூரியில் கிடைக்காத ஒரு நிலையில் ஆடிப் பார்ப்பதற்கு, அதிகம் பேர் கவனிக்காத தொலைவான லீக் ஏற்ற இடம்.

ஃபேர்பேங்க்ஸில் 1906 முதல் நடந்துவரும் நள்ளிரவுச் சூரிய ஆட்டம் இரவு பத்தரை மணியளவில் விளக்கில்லாமல் தொடங்கி நள்ளிரவைத் தாண்டும். இடத்தைத் தேர்ந்தெடுக்க இது காரணமாகாதுதான்; ஆனாலும் இருபது வயதில் அதை ஆடிப் பார்க்க ஆசைப்படுபவரைக் குறை சொல்ல முடியாது.

மரமட்டை லீக்தான் வேண்டுமா? அலுமினிய மட்டைக்கும் அதற்கும் அவ்வளவு வேறுபாடா?

பெயர் பெற்ற கோடை லீக்குகள் அநேகமாக எல்லாமே மரமட்டைதான். கல்லூரியில் அனுமதிக்கப்படும் உலோக மட்டைகளின் வேகம் 2011இல் வந்த புதிய விதிகளால் குறைந்தது. ஆனால் மட்டையின் எந்தப் பகுதியில் பட்டால் பந்து நன்றாகப் போகும் என்பதில் பெரிய வேறுபாடு இன்னும் இருக்கிறது. உள்பக்கம் வரும் வேகப்பந்து கைப்பிடிக்கு அருகில் பட்டால், உலோக மட்டையில் அது உள்வட்ட வீரர்களின் தலைக்கு மேல் மெல்ல விழுந்து, ஓட்டக்காரர் முதல் பேஸை அடைந்துவிடுவார். மரமட்டையில் அதே பந்து மட்டையைப் பிளந்து, கை விண்ணென்று அதிர, இரண்டாம் பேஸ் வீரரின் கையுறைக்கு உருண்டு போகும். ஸ்கவுட்கள் கோடை எண்களைத் தனியே பார்ப்பதன் காரணம் இதுதான். கேப் காட்டில் .250 சராசரி (நான்கு முறைக்கு ஒரு வெற்றி அடி) எடுத்துவிட்டு வருந்தும் வீரர்கள் உண்டு; அங்கே அது வருந்தத்தக்க எண் அல்ல.

பந்து எறிபவர் கோடையில் ஆடத்தான் வேண்டுமா?

எல்லோரும் ஆட வேண்டியதில்லை. சிலர் ஆடவே கூடாது. வசந்தத்தில் வாரந்தோறும் தொடக்க எறிபவராக இறங்கி 80, 90 இன்னிங்ஸ் (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) எறிந்த ஒருவருக்கு, ஜூன் மாதத்தில் முதல் தேவை ஓய்வு. முழங்கைத் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டால், மீண்டும் போட்டியில் எறிய ஓராண்டுக்கு மேல் ஆகும். அந்த ஓராண்டோடு ஒப்பிட்டால் ஒரு கோடை பெரிய இழப்பல்ல. இப்படிப்பட்டவர்கள் கல்லூரியிலேயே தங்கி உடற்பயிற்சி செய்வதும், எறியும் முறையை அளந்து திருத்தும் பயிற்சிக் கூடங்களுக்குச் செல்வதும் இப்போது பெருகியிருக்கிறது.

இதற்கு நேர்மாறான நிலையில் இருப்பவர், 15 இன்னிங்ஸ் மட்டும் கிடைத்த முதலாம் ஆண்டு எறிபவர். மூன்றாவது பந்துவகையை உண்மையான மட்டையாளர்களுக்கு எதிராக எறிந்து பார்க்க அவருக்குக் களம் வேண்டும். இவர் போகும் முன் மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்: மொத்தம் எத்தனை இன்னிங்ஸ், ஓர் ஆட்டத்தில் அதிகபட்சம் எத்தனை பந்துகள், இரண்டு ஆட்டங்களுக்கு இடையே எத்தனை நாள் ஓய்வு. கல்லூரிப் பயிற்சியாளர் இதைக் கோடை அணிக்கு அனுப்புவது வழக்கம். வீரரும் ஒரு நகலைக் கையில் வைத்திருக்கட்டும். ஆட்டம் கூடுதல் இன்னிங்ஸுக்குப் போய், எறிய ஆளில்லாமல், "இன்னும் ஒரே ஒரு இன்னிங்ஸ்" என்று மேலாளர் கேட்கும் இரவு எந்த லீக்கிலும் வரும். இருபது வயதுப் பையனால் அப்போது மறுத்துப் பேச முடியாது. தாளைக் காட்ட முடியும்.

கேட்சர்களுக்கு (மட்டையாளருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிப்பவர்கள்) தனியாக ஏதாவது பார்க்க வேண்டுமா?

அணியில் எத்தனை கேட்சர்கள் ஒப்பந்தமாகியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். 40 ஆட்டங்களை இருவர் பங்கிட்டால் ஆளுக்கு 20. மூவர் என்றால் 13. மூன்றாவது கேட்சருக்குப் பெரும்பாலும் எறிபவர்களின் சூடேற்றப் பந்துகளைப் பிடிக்கும் வேலையே மிஞ்சும்.

தற்காலிக ஒப்பந்தத்தில் அழைக்கிறார்கள். போகலாமா?

கல்லூரி அணிகள் பிந்தைய சுற்றுகளில் ஆடிக்கொண்டிருக்கும்போது, ஒப்பந்தமான வீரர்கள் ஜூன் இறுதி வரை வந்து சேர மாட்டார்கள். ஒமாஹாவில் நடக்கும் கல்லூரி உலகத் தொடர் வரை போகும் அணியின் வீரர் இன்னும் தாமதமாவார். அந்த இடைவெளியை நிரப்பத் தற்காலிக வீரர்களை எடுக்கிறார்கள். முதல் இரண்டு வாரத்தில் நன்றாக ஆடியவரை அணி கோடை முழுவதும் வைத்துக்கொள்வது அரிதல்ல. முழு ஒப்பந்தக்காரர்கள் சிலர் வராமலே போய்விடுவதும் உண்டு. ஆனால் வைத்துக்கொள்ளாவிட்டால் அடுத்துப் போக ஓர் அணி தயாராக இருக்க வேண்டும். அதைக் கல்லூரிப் பயிற்சியாளர் முன்கூட்டியே பேசிவைத்திருந்தால் போகலாம். இல்லையென்றால், ஜூன் நடுவில் பெட்டியோடு வீடு திரும்ப நேரிடும் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

இந்த ஆண்டு டிராஃப்டுக்குத் தகுதி பெறுகிறேன். என் தேர்வு மாறுமா?

மாறும். நான்காண்டுக் கல்லூரி மாணவர்கள் பொதுவாக மூன்றாம் ஆண்டு முடிந்ததும், அல்லது 21 வயதை எட்டியதும் தகுதி பெறுகிறார்கள். முன்பு ஜூனில் நடந்த டிராஃப்ட் 2021 முதல் ஜூலைக்குப் போய்விட்டது. 40 ஆக இருந்த சுற்றுகள் இப்போது 20. ஆகவே டிராஃப்டுக்கு முன்னால் கோடையில் ஒரு மாத ஆட்டம் கண்ணில் படுகிறது. அதே நேரத்தில் எடுக்கப்படுவோர் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. முதல் சுற்றுகளில் எடுக்கப்படுவோம் என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் ஆடுவதில்லை. அவர்களுக்கு அடிபடும் ஆபத்தைத் தவிர அங்கே பெற எதுவுமில்லை. பின்சுற்றுகளை எதிர்பார்ப்பவர்களுக்காகவே 2021இல் மேஜர் லீக்கின் ஆதரவோடு டிராஃப்ட் லீக் தொடங்கியது. டிரென்டன், வில்லியம்ஸ்போர்ட் போன்ற, முன்பு சிறு லீக் அணிகள் இருந்த ஊர்களில் அது நடக்கிறது.

சிறு லீக்குகள் மறுசீரமைக்கப்பட்ட அதே வேளையில் அப்பலாச்சியன் லீக்கும் கல்லூரி வீரர்களுக்கான கோடை லீக்காக மாறியது. அது முதல் இரண்டு ஆண்டு மாணவர்களை மனத்தில் வைத்து நடத்தப்படுவது. டிராஃப்ட் ஆண்டில் உள்ளவருக்கு உரியதல்ல.

நான் சிறிய கல்லூரியில் படிக்கிறேன். பெரிய லீக்குகள் என்னைப் பார்க்குமா?

பார்ப்பது அரிது, ஆனால் நடந்திருக்கிறது. வர்ஜீனியாவின் ஃபெரம் கல்லூரி, கல்லூரி விளையாட்டின் கடைசி நிலையான மூன்றாம் பிரிவைச் சேர்ந்தது. அங்கே படித்த பில்லி வாக்னர், 1992 கோடையில் கேப் காட்டின் புரூஸ்டர் அணிக்காக எறிந்தார். மறு ஆண்டு ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அவரை முதல் சுற்றில் எடுத்தது. 2025இல் அவர் பேஸ்பால் புகழ்மண்டபத்தில் இடம் பெற்றார். அவருடைய வேகம் எல்லோருக்கும் வாய்க்காது என்பதால், சிறிய கல்லூரி மாணவர் நார்த்வுட்ஸ், வேலி, கோஸ்டல் பிளெய்ன் போன்ற லீக்குகளில் தொடங்குவது நடைமுறைக்கு ஒத்த வழி. பெரிய கல்லூரி வீரர்களோடு ஒரே களத்தில் நிற்கும் வாய்ப்பு அவருக்குக் கோடையில் மட்டுமே கிடைக்கிறது.

செலவு எவ்வளவு ஆகும்?

லீக்குக்கு லீக், அணிக்கு அணி மாறும். போய்ச்சேரும் பயணச் செலவை வீரரே ஏற்பது வழக்கம். சில லீக்குகளில் வீரர்களிடமே பங்கேற்புக் கட்டணம் வாங்குகிறார்கள். சிலவற்றில் தங்குமிடத்தை வீரரே தேடிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், கட்டணம் உண்டா, மட்டைகளை யார் வாங்கித் தருகிறார்கள், வெளியூர் ஆட்டத்தன்று சாப்பாடு யார் பொறுப்பு, அடிபட்டால் எந்தக் காப்பீடு பொருந்தும் என்ற நான்கையும் கேட்டுவிடுங்கள். மரமட்டை உடையும் பொருள். சொந்தச் செலவில் வாங்குவதென்றால் கோடை முடிவதற்குள் அது கணிசமான தொகையாகிவிடும். ஓய்வுநாள்களில் சிறுவர் பயிற்சி முகாம்களில் சொல்லிக்கொடுத்தும், பகுதிநேர வேலை செய்தும் கைச்செலவைச் சமாளிக்கும் வீரர்கள் உண்டு.

முன்பின் தெரியாத குடும்பத்தோடு தங்க வேண்டுமாமே?

பெரும்பாலான நல்ல லீக்குகளின் அடித்தளமே அந்தக் குடும்பங்கள்தான். கேப் காட் கோடையில் சுற்றுலாப் பயணிகளால் நிரம்பி வழியும் இடம்; வாடகை கொடுத்துத் தங்குவது மாணவர்களுக்கு நடவாத காரியம். ஊர்க்காரர்கள் வீட்டின் ஓர் அறையை ஒதுக்கி, சாவியைக் கையில் கொடுத்து, குளிர்பதனப் பெட்டியைத் திறந்துவிடுகிறார்கள். இரவு பதினொரு மணிக்குத் திரும்பும் இரண்டு இளைஞர்களின் பசி எப்படிப்பட்டது என்பது முதல் வாரத்திலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும். உணவுக் கட்டுப்பாடு, ஒவ்வாமை, வீட்டுப் பிராணிகள் பற்றி முன்னதாகவே அணி நிர்வாகத்திடம் சொல்வது இருதரப்புக்கும் நல்லது. சைவ உணவு உண்பவர் அதை முதல் மின்னஞ்சலிலேயே எழுதட்டும்; சங்கடப்பட ஏதுமில்லை. மைதானத்துக்குப் போய்வரக் கார் வேண்டுமா என்பதையும் கேளுங்கள்.

ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும் அணியைத் தேர்ந்தெடுக்கலாமா?

கூட்டத்தின் முன் ஆடுவது ஓர் அனுபவம்தான். விஸ்கான்சினின் மேடிசன் மல்லார்ட்ஸ் அணிக்கு ஆட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். கோஸ்டல் பிளெய்ன் லீக்கில் 2016 முதல் 2022 வரை ஆடிய சவான்னா பனானாஸ் அணியின் புகழ் லீக்கையே மீறி வளர்ந்து, பிறகு அது காட்சி ஆட்டங்களுக்கு மாறிவிட்டது. ஆனால் கூட்டம் அணியின் வணிகத் திறமைக்குச் சான்று. பயிற்சியின் தரத்தை அதைக் கொண்டு அளக்க முடியாது.

கோடையில் நன்றாக ஆடினால் வேறு கல்லூரிக்கு மாற அது உதவுமா?

உதவும், இப்போது அது வெளிப்படையாகவே நடக்கிறது. கல்லூரி மாற விரும்புவோருக்கான மாற்றப் பதிவேட்டில் பெயர் கொடுத்த வீரர்களைப் பிற கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் கோடை மைதானங்களிலேயே பார்க்கிறார்கள். ஒரே அணியில் தங்கும் சக வீரர்களும் தத்தம் கல்லூரிகளைப் பற்றிப் பேசாமல் இருப்பதில்லை. இதனாலேயே சில கல்லூரிப் பயிற்சியாளர்கள் தங்கள் நல்ல வீரர்களை வெளியே அனுப்பத் தயங்குகிறார்கள். உங்கள் பயிற்சியாளர், "இந்தக் கோடையில் இங்கேயே இரு" என்றால், அது உங்கள் தோளைக் காக்கவா, உங்களை இழக்காமல் இருக்கவா என்று பணிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஒப்பந்தம் செய்தபின் வேறு நல்ல லீக்கிலிருந்து அழைப்பு வந்தால் விலகலாமா? நடுவில் வீடு திரும்பலாமா?

முதல் அணியின் மேலாளர் எழுத்தில் விடுவித்தால் மட்டும் விலகுங்கள். லீக்குகள் ஒன்றின் ஒப்பந்தத்தை மற்றொன்று மதிப்பது வழக்கம் என்பதால், சொல்லாமல் போவது பெரும்பாலும் நடக்காது. நடந்தாலும், அடுத்த ஆண்டு அந்த மேலாளர் உங்கள் கல்லூரியிலிருந்து வேறொருவரை எடுக்கத் தயங்குவார். காயம், குடும்பத்தில் துயரம், கோடைப் படிப்பு ஆகிய காரணங்களுக்காகத் திரும்புவதை எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள். களைப்பு, ஜூலை நடுவில் சராசரி சரிந்த சோர்வு போன்றவற்றுக்கு முதலில் கல்லூரிப் பயிற்சியாளரைத் தொலைபேசியில் அழையுங்கள். ஒரு வாரம் ஓய்வு கேட்டு வாங்கித் தருவது அவரால் முடியும். திரும்பியே ஆக வேண்டும் என்று முடிவானால், புறப்படும் நாளை அணிக்குச் சில நாள் முன்னதாகச் சொல்லி, சீருடையையும் சாவியையும் நேரில் ஒப்படைத்துவிட்டு, தங்கவைத்த குடும்பத்திடம் விடைபெற்றுக் கிளம்புங்கள்.